டீ குடித்துவிட்டுப் போனவர்

அன்பு மகன் சுடலைக்கண்ணனுக்கு, தாராவியிலிருந்து அம்மா முப்பிடாதியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி கோகிலவாணி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இருக்கிற இடத்தில் சுகமாகவே இருக்கிறோம், அந்த அரபு நாட்டு வெயிலில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் சுடலைமாடன் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, தையல் பட்டறைக்குப் போய் வருகிறார். கரீம் பாட்சா லீவு முடிந்து சனிக்கிழமை உன் கம்பெனிக்கே திரும்புகிறான், போனில் பேசுகிற விஷயம் இல்லை என்பதால் அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். தமிழ் எழுத்து உனக்கு மறந்திருக்கும், கூட்டிக் கூட்டியாவது நீயே வாசி, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

போன மாதம் நான் பலகை பிடித்துக்கொண்டு நின்ற போட்டோவை யாரோ போனில் அனுப்ப, நீ பார்த்துவிட்டு என்னைச் சத்தம் போட்டாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நம் சந்தில் வீடுகளை இடித்து ரோடு போடப் போகிறார்கள், கீழ்வீட்டுக்காரர்களுக்கு மாற்று வீடு உண்டு, ஏணி ஏறி மாடியில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குக் கணக்கிலேயே இடம் இல்லை, இது உனக்குத் தெரிந்ததுதான். அதற்காகத்தான் ஆட்டோ ஓட்டுகிற சுயம்பு மாமா எல்லாரையும் சயானில் ரயில் ஏற்றி வி.டி.யில் இறக்கி ஆசாத் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதற்கு, நம்மள நசுக்குதாவன்னு எழுதிருக்கு மைனி, நல்லா ஒசத்திப் புடிங்க, போட்டோல உங்க மூஞ்சி மறைஞ்சாலும் எழுத்து மறையக் கூடாது என்று சிரித்தார். எங்களைச் சுற்றிக் கம்பித் தடுப்பு, அந்தப் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து எங்கள் நடுவில் வந்து விழுந்தால் கோஷத்தை நிறுத்திவிட்டு எடுத்துப் போட்டோம். பெண் போலீஸ் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். எங்களிடம் மனு வாங்க ஒருவரும் வரவில்லை. சாயந்திரம் அனுமதி முடிந்ததும் போலீஸ்காரர்கள், சலோ டைம் ஹோ கயா, நேரம் முடிந்தது கிளம்புங்கள் என்றார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவது என்று பேசிக்கொண்டு எழுந்து வந்துவிட்டோம். ஒரு அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

அதனால்தான் நீ கேட்டது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டு இருக்கு, கோர்ட் இருக்கு, கத்துறதுக்கு மைதானம் இருக்கு, இம்புட்டையும் வச்சுக்கிட்டு நசுக்குதாங்கன்னு பலகை புடிச்சா நியாயமாம்மா என்று கேட்டாய். உன் கேம்பில் சாப்பாடு சரியில்லை என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற மறுத்த இரண்டு பேர் மறுநாள் காலையில் இல்லை, கட்டிலில் போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது, அதுக்குப் பேருதான் நசுக்குறது என்றாய். அந்தக் கட்டில்கள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை ஐயா, அவர்களைப் பெற்றவர்கள் எந்த ஊரோ. மாட்டுங்காவில் நான் வேலை செய்கிற விஜயலக்ஷ்மி மாமியும் இதையேதான் கேட்டார். ஏன் முப்பிடாதி, கத்தறதுக்கு இடமும் குடுத்து, காவலுக்கு ஆளும் நிறுத்தி, சாயந்தரம் பத்திரமா ஆத்துக்கும் அனுப்பி வெச்சிருக்கா, இதுலே உங்களை யாரு ஒடுக்கினா என்றார். எனக்கும் ஆமாம் என்றுதான் பட்டது. இனிமேல் பலகையில் வேறு ஏதாவது எழுதச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் ஏணி ஏறி வந்தார். யூனிஃபார்ம் இல்லை, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிறேன் என்றார். பெரியம்மா சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி மௌஸி மௌஸி என்று வாய் நிறையக் கூப்பிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், இஞ்சி தட்டிப் போட்ட டீ நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொன்னார். சுவரில் கம்பெனிச் சட்டையோடு நீ நிற்கிற போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு அங்கே வெயில் தாங்குகிறதா, அடுத்த வருஷம் பாஸ்போர்ட் முடிகிறதே, புதுசு வாங்க விசாரணை எங்களிடம்தான் வரும், கவலைப்படாதீர்கள் என்றார். உன் பாஸ்போர்ட் முடிகிற வருஷம் எனக்கே தெரியாது ஐயா. ஏணி இறங்கும்போது திரும்பி, மைதான் மே பைட்டோ மௌஸி, ஆப்கா ஹக் ஹை என்றார். உட்காருங்கள், அது உங்கள் உரிமை என்று அர்த்தமாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்ல? என்ன செய்தார் என்று கேட்டால் டீ குடித்தார் என்றுதானே சொல்ல வேண்டும்.

அண்ணே, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறது, இந்த நாலு வரியும் நான் எழுதுவது. அன்றிலிருந்து ஏணியில் யார் ஏறுகிற சத்தம் கேட்டாலும் அம்மா முதலில் உன் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறது. அப்பா ஏறி வந்தாலும் அப்படித்தான்.

அந்த ஆள் வந்துபோனதை மாட்டுங்கா மாமியிடம் சொன்னேன் ஐயா. மாமி எழுந்து போய்ச் சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தினார், வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இதெல்லாம் வெளியிலே சொல்லிண்டு திரியாதேடி என்று மெதுவாகச் சொன்னார். உங்களை யாரு ஒடுக்கினா என்று கேட்ட வாய் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முட்டிவலி என்று சொல்லி மைதானத்துக்குப் போகவில்லை. பைப்படியில் பார்த்தால் நம் சந்துப் பிரேமலதாவுக்குக் காய்ச்சலாம், எதிர்வீட்டுக்காரிக்குக் கல்யாண் ஊரில் விசேஷமாம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதிப் பேர்கூடப் போகவில்லை. சுயம்பு மாமா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கிட்டே வந்து, மைனி, உங்க வீட்டுலயும் டீ குடிச்சானா என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, அந்த ஆள் சந்து முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார். பிரேமலதா வீட்டில் மகளுக்கு நடக்கிற கல்யாணப் பேச்சை விசாரித்தாராம், சுயம்பு மாமாவிடம் ஆட்டோ பெர்மிட்டை. ஒவ்வொருத்தரும் தன் வீட்டுக்கு மட்டும்தான் வந்தார் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீ சொன்னதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றில்லை, அந்த இரண்டு பேருக்கு ஆனதோடு சேர்த்து என் வீட்டைப் பேசினால் எனக்குத்தான் பாவம். ஆனால் அங்கே போர்வையை மடித்து வைத்தவன் யாரோ ஒருவன். இங்கே நாங்களே மடித்து வைத்துவிட்டு, காய்ச்சல், முட்டிவலி என்று உட்கார்ந்திருக்கிறோம், பார்க்கிறவனுக்கு எல்லாரும் சும்மா வீட்டில் இருப்பதாகத் தெரியும். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, படித்த யாரையாவது கேட்டால் நீ எனக்குச் சொல். பயம் போய்விட்டது என்றும் நினைக்காதே. இதைச் சொல்கிறபோதே கோகிலாவைக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். பிரேமலதாவும் வருகிறாள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். உன் பாஸ்போர்ட்டுக்கு என்னால் ஒரு தடை வந்தால் நான் செத்தாலும் ஆறாது, அதனால் நாளைத் தள்ளாமல் இப்போதே அங்குள்ள எம்பஸியில் கேட்டுப் புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், கேம்பில் யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், போனபடியே முழுசாகத் திரும்பி வர வேண்டும், சுடலைமாடன் துணை. இன்னொன்று ஐயா, போனில் பேசும்போது மைதானத்துக்குப் போனாயா என்று நீ கேட்டால் நான் போகவில்லை என்றுதான் சொல்வேன். அதை நம்பாதே.

இப்படிக்கு உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா முப்பிடாதியம்மாள்
(கை எழுத்து: கோகிலவாணி)