இடுப்பிலிருக்கும் மூத்தாள்

ஆடி 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. கிணற்றடித் தென்னையிலிருந்து மட்டை விழுந்து மாட்டுக்கொட்டகை ஷீட்டில் ஓட்டை. மாட்டை விற்றாகிவிட்டது, போகட்டும். துவைத்துப் போட்ட துணியெல்லாம் வேலிமேல்.

மகள் சுகந்திக்குத் திங்கள்கிழமை டிஸ்சார்ஜ். பேத்தி! மூக்கு எங்கள் வீட்டு மூக்குதான், பாவம். வாங்க வேண்டியது: சுக்கு, பூண்டு, கொசுவலை, டெட்டால். பழைய வேட்டி நாலு கிழித்துத் துவைத்து வைக்க வேண்டும். இவருடைய வேட்டிதான். புதுசைக் கிழித்தாலும் இப்போது இவருக்குத் தெரியப்போவதில்லை.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் திறந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து நின்று, டவுசர் பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து விரித்துவிட்டார்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? களத்துக்குள்ள கேக்காமக் கொள்ளாம வாரீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

வாயில் அத்தனை மரியாதை. கையில் விரித்த கத்தி. சிலிண்டர்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. சிலிண்டரைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன்.

களம் ஏது இப்போது? கொப்பரை காயப்போட்ட இடத்தில் வேறு யாரோ கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். இவருக்கு மட்டும் அங்கே இன்னும் கொப்பரை காய்கிறது.


ஆடி 3, சனி

காற்று குறையவில்லை. கதவுகளுக்கெல்லாம் கல் முட்டுக்கொடுத்தேன்.

கத்தியைப் பற்றி. பழனித் தேர்க்கடையில் வாங்கியது, என்னைக் கட்டுவதற்கு முன்னாலேயே. மான்கொம்புப் பிடி என்று சொல்லி விற்றானாம், மாட்டுக்கொம்பாகத்தான் இருக்கும். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. வேட்டிக்குள் பட்டாபட்டி டவுசர், டவுசர் பையில் இது. உடுமலை சந்தைக்குப் போனாலும் இது, சுகந்தி கல்யாணத்தில் பட்டு வேட்டிக்குள்ளும் இது. கொப்பரையை நறுக்கி வாயில் போட்டுப் பார்க்க, மாங்காய் சீவ, காலில் தைத்த முள்ளெடுக்க, பல் குத்த (கருமம்!). மூத்தாள் இடுப்பில், இளையாள் அடுப்பில் என்று நானே கேலி பேசியிருக்கிறேன். இவரும் சிரிப்பார்.

காலையில் இவர் தூங்கும்போது எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். எழுந்ததும் பைக்குள் கை. அவ்வளவுதான். தலையணை உறையெல்லாம் உருவிப் போட்டார். சாமிப் படத்துக்குப் பின்னால் தேடினார். கேட்டருகே நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என்ர கத்தியப் பாத்தீங்களா? இங்கதானுங்க வெச்சிருந்தேன்." இட்லியைத் தொடவில்லை. மூன்று மணிக்கு அழுதார். என் மாமனார் செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்க்கவில்லை.

தாங்க முடியவில்லை. கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் துவைக்கிற கல்லில் அலகைத் தேய்த்து மழுங்கடித்தேன். பெரிய புத்திசாலி நான். வாங்கியதும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். மகள் பேர் மறந்துபோகிறது, சாப்பிட்டோமா என்பது மறந்துபோகிறது, தீட்டுவது மறக்கவில்லை. முன்னைவிடக் கூர்.


ஆடி 5, திங்கள்

தூறல். ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தேன். குழந்தை பூப்போல. சுகந்தி நடக்கவே சிரமப்படுகிறாள், தையல்.

இவர் எட்டிப் பார்த்தார். "யாரூட்டுக் கொழந்தைங்க?" என்றார். நன்றாகத்தான் சிரித்தார். பிறகு ஒரு கொய்யாப்பழம் எடுத்து வந்து, சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து, தோல் அறுபடாமல் சீவி, துண்டு போட்டுக் கொடுத்தார். "தின்னு அம்மணி, சோந்து போயிட்டே." இவள் கண் கலங்கிவிட்டது. அப்பனுக்குத் தன்னைத் தெரிகிறதே என்று.

அவர் எழுந்து போனதும் என்னிடம்: "அம்மா, பச்சக் கொழந்த இருக்கற ஊட்ல அந்தக் கத்தி வேண்டாம்மா. எனக்கு பயமா இருக்குது. இல்லீன்னா நான் பவானிக்கே போயிக்கறேன்."

பவானியில் சம்பந்தியம்மா நல்லவர்தான். ஆனால் தையல் போட்ட உடம்போடு பெற்றவள் வீட்டை விட்டு அனுப்புவதா? சரி என்றேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

சு. இன்னொன்றும் சொன்னாள். "அத்தைகிட்ட அப்பாவப் பத்தி ஒண்ணும் சொல்லிராத. வயசாச்சு, கொஞ்சம் மறதின்னு மட்டும் சொல்லு." கல்யாணமாகி வருஷம் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. அவள் பயம் அவளுக்கு. அதற்கும் சரி என்றேன்.


ஆடி 6, செவ்வாய்

டாக்டரிடம் நான் மட்டும். வாதாடக் கூடாதாம். கூரான சாமானெல்லாம் பூட்டி வைக்க வேண்டுமாம். கேட்டால் அதே கனத்தில் வேறு ஏதாவது கையில் கொடுக்கச் சொன்னார். வரும் வழியில் கொசுவலை. நீலம்தான் கிடைத்தது.

நேற்றிலிருந்து என்னை 'ஏனுங்க' என்கிறார். சரசு, சரசு என்று ஏவிய ஏவலில் எரிச்சல்பட்டவள் நான். இப்போது "ஏனுங்க, தண்ணி கொஞ்சம் கெடைக்குங்களா" என்று அந்நியர் வீட்டில் கேட்பதுபோல் கேட்கிறார். மரியாதை கூடக்கூட என் கண் அவர் டவுசர் பைக்குத்தான் போகிறது. சிலிண்டர்காரரிடமும் மரியாதையாகத்தான் பேசினார்.


ஆடி 8, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

குழந்தை வயிற்று வலியில் அழுதது. இவர் வாசலில் இருந்தபடி தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "பூனைங்க," என்றார். "உள்ள பூனை பூந்திருக்குதுங்க."

"பூனை இல்லீங்க மாமா, பேத்தி அழுகுறா," என்றேன்.

"கொப்பரை மூட்டைக்குப் பின்னாலதானுங்க இருக்குது. நீங்க செத்த வெளிய நில்லுங்க. நான் முடிச்சுப்போட்டு வாரேன்." கை டவுசர் பைக்குப் போனது.

குறுக்கே நின்றுகொண்டேன். என்னை நகர்த்தப் பார்த்தார். பலம் குறையவில்லை இவருக்கு. நல்லவேளை, குழந்தை பாலுக்கு வாய் வைத்து அடங்கிவிட்டது. இவரும் எதற்கு எழுந்தோம் என்பதை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

இவர் குளிக்கப் போனபோது கத்தியை எடுத்தேன். பீரோவில் துணிகளுக்கு முன்னால் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். டாக்டர் சொன்னபடி பழைய பித்தளைப் பூட்டு ஒன்றை அவர் பையில் போட்டேன். கை போகிறது, பூட்டைத் தொடுகிறது, திரும்புகிறது. அரைநாள் ஓடிவிட்டது. சு.விடம் சொன்னேன், குழந்தைமாதிரி தூங்கினாள்.


ஆடி 9, வெள்ளி

அழுகைச் சத்தம் வந்தாலே நான் ஓடுகிறேன், இவருக்கு முன்னால் போய் நிற்க. சாம்பார் அடிப்பிடித்தது. பூட்டு பலிக்கவில்லை, எடுத்து எறிந்துவிட்டார். "என்ரது இல்லீங்க இது." நாளெல்லாம் கேட்டபடி. காற்றோ காற்று.

நாளை சம்பந்தியம்மா வருகிறார். கோழி வாங்க வேண்டும்.


ஆடி 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா பத்து மணிக்கு வந்தார். குழந்தைக்குப் படுக்க பவானி ஜமக்காளம், வெள்ளிக் கொலுசு. இவர் வாங்க வாங்க என்று நன்றாகவே பேசினார். மறதி என்று மட்டும் சொன்னேன். அவரும் "வயசானா அப்படித்தானுங்க" என்று விட்டுவிட்டார்.

சு.வுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும், ஆளில்லாமல் நிற்க முடியாது அவளுக்கு. "நீங்க போயி ஊத்துங்க சம்பந்தி, கொழந்தைய நான் பாத்துக்கறனுங்க" என்றார். துண்டு பீரோவில் இருக்கிறது என்று சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனேன். கத்தி நினைவே இல்லை. மறதி இவருக்கு மட்டும்தானா?

பீரோவைத் திறந்தவர் கத்தியைப் பார்த்திருக்கிறார். பச்சைக் குழந்தை தலைமாட்டில் இரும்பு இல்லையே, ஆடிக் காற்றாயிற்றே, காத்துக்கருப்பு அண்டுமே என்று அதை எடுத்துத் துணிமெத்தைக்கு அடியில் செருகிவிட்டார். யார் வீட்டிலும் செய்வதுதான். நானே சுகந்திக்கு வைத்திருக்கிறேன், இதே கத்தியை.

இவர் வந்து வழக்கம்போல் கேட்டிருக்கிறார், என்ர கத்தியப் பாத்தீங்களா என்று. அந்தம்மா வெள்ளந்தியாக, "உங்க கத்தியாங்கண்ணா? உங்க பேத்திக்குத்தான் காவலுக்கு வெச்சிருக்கறேன்," என்று இடத்தைக் காட்டிவிட்டு, பால் பொங்குகிற வாசனைக்குச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறார்.

சு. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் கதவு அறைந்த சத்தம். அப்புறம் அழுகை நின்றுவிட்டது.

சொம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினேன். குழந்தைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கத்தி விரித்தபடி வலது கையில். இடது கை ஆள்காட்டி விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறது, கண் விழித்து இவரைப் பார்க்கிறது என்று எனக்கு விளங்குவதற்குள் என் உயிர் போய் வந்தது.

"சத்தம் போடாதீங்க," என்றார் என்னைப் பார்த்து. "பூனைன்னுதானுங்க வந்தேன். கொழந்தைங்க."

"ஆமாங்க. கத்தியக் குடுங்க."

"பச்சக் கொழந்தைக்குக் கீழ இத வெச்சிருக்கறாங்க பாருங்க. யாரு வேலைங்க இது?" ஒரு கையாலேயே, தொடையில் அழுத்தி மடக்கினார். குழந்தையிடமிருந்து விரலை உருவவில்லை. நீட்டினார். வாழ்நாளில் அதை இவர் தானாக யாரிடமும் நீட்டியதில்லை. "எங்கயாவது கொண்டுபோயி வெச்சுப்போடுங்க. எனக்கும் சொல்லாதீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"இது ஒரு ஆளோடதுங்க," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் திரும்ப வருவானுங்க. வந்து கேப்பான். அழுவான்கூட. பாவம் பாத்துக் குடுத்துப்போடாதீங்க."

சம்பந்தியம்மா பால் டம்ளரோடு கதவில் நின்றிருந்தார். ஈரத் தலையோடு சு. அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள், அழுதுகொண்டே. அந்தம்மா கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா நான் எடுத்து வெச்சிருப்பனா கண்ணு?" என்றார். இன்றைக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சு.வைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லவில்லை. தானும் இங்கேயே தங்குகிறாராம்.

கத்தியை எங்கே வைத்தேன் என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.


ஆடி 11, ஞாயிறு

காற்று நின்றிருக்கிறது. ஒரு மட்டைகூட அசையவில்லை. கோழிக்குழம்பு நேற்றையது.

எழுந்ததும் பைக்குள் கை. கேட்டார். இல்லை என்றேன். என் காலைத் தொட வந்தார், என் காலை. "சரசு, குடுத்துப்போடு சரசு" என்கிறார். இன்றைக்குத்தான் பேர் ஞாபகம் வர வேண்டுமா.

அழுகிறார். மத்தியானம் தாண்டிவிட்டது. இன்னும் கொடுக்கவில்லை.