வேலை போனவர்கள் பெயரில் மஞ்சள் சோறு

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, உங்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு லஸ்திரி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஜகார்த்தாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எனக்கு நடந்த மரியாதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பங்கு வாங்கி விற்கும் எங்கள் ஆபீசில், அரசாங்கம் புள்ளிவிவரம் வெளியிடும் முன்பே எல்லோரும் ஊகித்துச் சொல்வது வழக்கம். இந்தத் தடவை, நாட்டில் எத்தனை பேருக்கு வேலை போயிருக்கும் என்று கேட்டார்கள். வந்த எண்ணிக்கை எல்லோரும் பயந்ததைவிட அதிகம். நான் சொன்னதுதான் அதற்கு மிக அருகில். ஐயோ என்று வாயைப் பொத்தினேன். சுற்றிலும் கைதட்டல்!

"ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் மேலாளர் பின்சார். "தேர்தல் வருது. இத்தனை பேருக்கு வேலை போனா அரசாங்கம் சும்மா இருக்குமா? வட்டியைக் குறைக்கச் சொல்லி மத்திய வங்கியை நெருக்குவாங்க. பங்கு விலை எகிறும் பாரு!"

எகிறியது. மதியம் கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு வந்தது. நம் வீட்டில் நல்ல காரியத்துக்கு வைப்போமே, அதே சோறு. உச்சியை வெட்டி முதல் தட்டை என் கையில் கொடுத்தார்கள். தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன், அம்மா.

நீங்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயை வறுத்துக் கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட அதுவாவது துணையாக இருக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஷூ ஃபேக்டரியில் லீவு விட்டார்கள், அண்ணன் வந்திருக்கிறான் என்றீர்களே. அங்கே அவன் வாடகை அறையில் இருந்த தலையணையையும் எடுத்து வந்திருக்கிறானா?

உங்கள் லஸ்திரி