உம்முடைய கல்வெட்டில் இல்லாத மரநாய்

சிநேகிதி, இன்று பின்னேரம் உம்முடைய மகள் வந்து, புதிதாக வந்த சித்திரக்கதை இதழை என் கையில் தந்துவிட்டுப் போனாள். பிரிக்காமலே மணந்தது. அச்சு மையும் மலிவுத் தாளும் கலந்த அந்த மணம் மூக்கில் பட்டதும், சுன்னாகத்தில் நீர் நடத்திய கொப்பி, புத்தகக் கடைக்குள் நிற்பது போல இருந்தது. அட்டையில் நால்வரும் நிற்கிறார்கள்: மரநாய், உடும்பு, வௌவால், கீரி.

“இதுக்கு மதிப்புரை நீங்கள்தான் எழுதவேணும், அன்ரி. பேர் போட்டு எழுதுங்கோ” என்றாள்.

விளக்கேற்றப் போனவள் இதழோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். போன முறை அவள் என்னை எழுதச் சொன்னபோது நான் செய்ததை நீர் அறியமாட்டீர். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வாசிப்பெல்லாம் நானாகப் படித்தது என்பது உமக்குத் தெரியும். ஒரு பிடி கீரை வாங்கினாலும் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு. கணக்குக் கொப்பி வாங்கத்தான் உம்முடைய கடைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நீர் தலை நிமிராமல் சித்திரக்கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தீர். மிச்சக் காசைக் கேட்டேன்.

“கொஞ்சம் பொறும். உடும்பு மதிலாலை விழப்போகுது” என்றீர்.

ஆலைக் கழிவு கலந்த குளத்து நீரைக் குடித்து உருமாறிய நாலு விலங்குகள். மனிதரைப்போல் நடக்கும், கதைக்கும், ஊரைக் காக்கும். நீர் கதையைச் சொல்ல, நான் சிரித்தேன். “எங்கடை பக்கத்துக் கிணறுகளிலையும் எண்ணெய் மிதந்ததெல்லோ. எங்களுக்கு ஒரு வாலும் முளைக்கேல்லை” என்று நீரும் சிரித்தீர்.

அன்று இரவல் தந்த இதழைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, மரநாயின் இடுப்பில் மூன்று கத்திகள்தானே இருந்தன, நாலாவதை எங்கிருந்து எடுத்து எறிந்தது என்று கேட்டேன். நீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர். “இவ்வளவு காலமும் எங்கை இருந்தனீர்?”

அப்படித்தான் நாங்கள் மதிப்புரை எழுதத் தொடங்கினோம். சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, பின்னறைச் சின்னத் தொலைக்காட்சியில் அந்த நால்வரின் கார்ட்டூன் பாகங்களைப் பார்ப்போம். நான் கதையில் ஓட்டை பிடிப்பேன். நீர் முகங்களைப் பார்ப்பீர். பிறகு இரண்டையும் சேர்த்து, கைபேசியில் தட்டி, முகநூலில் உம்முடைய பக்கத்தில் போடுவீர். பெடியள், பெட்டையள், சில ஆசிரியர்கள்கூட அதை வாசித்துவிட்டுத்தான் கடைக்கு வந்தார்கள்.

ஒரு பாகத்தில் வௌவால் தன் முகத்தைக் கண்ணாடியில் கண்டு வெறுத்து, குழுவை விட்டுப் போய்விடும். “சண்டையுமில்லை, கதையுமில்லை. அரை மணித்தியாலம் வீண்” என்று எழுதித் தந்தேன். நீர் அதைப் போட மறுத்தீர்.

“அது தூரப் போகேல்லை, கூரையிலைதான் தொங்குது. மற்றவை மூண்டுபேரும் மேலை பாத்தவையே?”

எனக்கு நினைவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தோம். மூவரும் கீழே சாப்பிடுகிறார்கள். நாலாவது சாப்பாட்டுக் கோப்பையும் வைத்திருக்கிறார்கள். ஒருவராவது தலையை நிமிர்த்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீர் பேனையை என் பக்கம் தள்ளி, “பிழையை எழுதும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. பிடிச்சதையும் ஒளிக்காமல் எழுதும்” என்றீர்.

நான் எழுதினேன். ஆனால் என் பெயரைப் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் சந்நிதியில் நின்று திருமுறை பாடுகிறவள், சனிக்கிழமை இருந்து மரநாயும் உடும்பும் பார்க்கிறாள் என்று தெரிந்தால் சனம் என்ன சொல்லும்? அதைக் கேட்டு நீர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: “பிள்ளையார் யானைத் தலையோடை எலியிலை ஏறிப் போறவர். அவரோ உம்மைக் கோவிக்கப்போறார்?” நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

கோயிலில் என்னோடு பாடுகிற அக்கா ஒருநாள் திடீரென்று கடைக்குள் வர, இதழைச் சேலைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டேன். “உவ கொப்பி வாங்க வந்தவ” என்று நீர் எனக்காகப் பொய் சொன்னீர். அக்கா படியிறங்கியதும், “எடும், எடும். வால் வெளியிலை தெரியுது” என்றீர்.

நீர் இப்படிச் சடாரென்று போவீர் என்று ஆர் நினைத்தது? விடிய நெஞ்சு நோகுது என்றீராம், பொழுதுபடமுன் முடிந்துவிட்டது. செத்தவீட்டு அலுவல்கள் ஓய்ந்தபின் மகள் வந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகமான உம்முடைய கல்வெட்டுக்கு, “அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும்” என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமோ? வீட்டு அலுமாரியில் கிடந்த மற்றவர்களின் கல்வெட்டுகளை எடுத்து விரித்துவைத்து, அவற்றிலிருந்து சொற்களைப் பொறுக்கி எழுதினேன். “இறைபக்தியில் திளைத்தவர். விரதங்களைத் தவறாது அனுட்டித்தவர். இன்முகத்தோடு விருந்தோம்பியவர்.” மரநாய் இல்லை. சனிக்கிழமைகள் இல்லை. கடைகூட ஒரு வரிதான். அதை எழுதினால், பக்கத்தில் இருந்து பார்த்தது ஆர் என்ற கேள்வி வரும். அந்தப் பயத்தில் உம்மையே அழித்துவிட்டேன்.

அவசரத்தில் பிள்ளை வாசிக்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தியேட்டி அன்று, சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபின், குசினிக்குள் என்னிடம் வந்தாள். கையில் கல்வெட்டு.

“அன்ரி, உதிலை இருக்கிற மனிசி ஆர்?”

நான் கோப்பை கழுவக் குனிந்தேன்.

“எங்கடை அம்மா எந்த விரதம் பிடிச்சவ? வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சால், எங்கடை படலையாலை கோயிலுக்குப் போற உங்களுக்கு மணக்கக்கூடாதெண்டு யன்னலைச் சாத்திறவ. உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும் பிள்ளை.”

“நாளைக்கு என்ரை பிள்ளையள் இதை வாசிச்சு, அம்மம்மா இப்பிடித்தான் எண்டு நினைக்கப்போகுதுகள். நீங்கள் சேந்து எழுதினதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னவ. உங்கடை பேரை நான் கேட்டனானே? அம்மாவைத்தானே கேட்டனான்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அடுப்படியில் நின்று, கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மாதக்கணக்காய் உம்முடைய வீட்டுப் படலையைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். தேவாரம் பாட வாய் திறந்தால், நான் எழுதின அந்தப் பொய் வரிகள்தான் முன்னே வந்தன. கடைசியில், வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் நெருங்கும் இந்த மாதம், ஒரே பக்கத்தில் உம்மை உள்ளபடி எழுதினேன். உடும்புக்காகக் காசு எண்ணுவதை நிறுத்தியதை, வௌவாலின் முகத்தை எனக்குக் காட்டியதை, மீனை, யன்னலை. அடியில் என் பெயர். மகளிடம் கொடுத்தேன். வாசித்தாள், அழுதாள், பிறகு கேட்டாள்: “குடுத்த கல்வெட்டை எல்லாம் என்ன செய்யிறது, அன்ரி? வீடு வீடாய்ப் போய் ஒட்டப்போறீங்களோ?”

அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். நான் படியெடுத்து, பசைப் போத்தலும் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் போனது அந்தக் கோயில் அக்கா வீட்டுக்கு. அதைத் தள்ளிப்போட்டால் போகவே மாட்டேன் என்று தெரியும். தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, அடிவரை வாசித்தார்.

“சனிக்கிழமையிலை முழங்கால் நோவெண்டெல்லோ எங்களோடை பஜனைக்கு வாறேல்லை?”

முகம் எரிந்தது. “நோகேல்லை அக்கா.”

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு உள்ளே போய்க் கல்வெட்டை எடுத்துவந்து மேசையில் விரித்தார். “ஒட்டும். கோணாமல் ஒட்டும்” என்றார்.

எல்லா வீட்டிலும் அப்படியில்லை. பண்டத்தரிப்பில் ஒருவர் படலையிலேயே நிறுத்தி, செத்த மனிசியைப் பற்றி மீன்கதை எழுத வெட்கமில்லையோ என்றார். வெட்கம்தான் ஐயா, அதனால்தான் வந்தனான் என்றேன். அரியாலைக்கு இன்னும் போகவில்லை. கனடாவுக்குப் போன பிரதிகளை நான் எப்படிப் பிடிப்பேன்?

மீதித் தாள்கள் என் பைக்குள் இருக்கின்றன. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கொண்டுதான் போகிறேன், வழியில் உம்மை அறிந்தவர் ஆராவது எதிர்ப்படுவார் என்று. என்னுடைய பிரதியில் மட்டும் நான் ஒட்டவில்லை. அந்தப் பொய்ப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கட்டும். உம்மைப் பற்றி நான் எழுதினது அதுவும்தான்.