வீரப்பன் குடித்திருக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

பெல்சி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வால்பாறையில் மழை விட்டதா?

நேற்று இங்கே காரைக்குடியில், புதுவயல் அரிசி ஆலைத் தொழிலாளி வீரப்பனை எங்கள் மருத்துவமனைக்கு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கத்திக்கொண்டே எல்லோரையும் உதைத்தார்.

"குடிச்சுப்புட்டு ஆடுறான் சிஸ்டர், கட்டிப் போடுறீகளா இல்லையா?" என்றார்கள்.

நான் குனிந்து முகர்ந்தேன். சாராய வாடையே இல்லை. அதற்குள் ஓங்கி என் முகத்தில் குத்திவிட்டார். ரத்தம் சட்டையில் கொட்டக் கொட்ட, அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். முப்பத்தொன்றுதான்; சர்க்கரை அவ்வளவு இறங்கினால் குடித்தவர் போலத்தான் ஆடுவார்கள். டாக்டர் சொன்னபடி குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தவர், என்னைப் பார்த்துப் பதறினார்.

"யாரு தாயி ஒன்னய இப்புடி அடிச்சது? சொல்லு, நான் போயி கேக்குறேன்."

"கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்றேன்.

இரண்டு தையல்தான் அப்பா. அம்மாவிடமும் கதவு என்றே சொல்லுங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல், அம்மா வாசனையோடு. டியூட்டிக்கு மணியாகிவிட்டது.

உங்கள் பெல்சி