குட வரிசையில் ஒருத்தி

திருமுல்லைவாயில்
8-3-1998

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தா எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி பரவாயில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது. ஏன் என்று கேளுங்கள்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மூன்றரைப் பக்கம் உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. ராஜாவைக் காப்பாற்றுவது, டிராகனைக் கொல்வது எல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்களாம். ஆடுகிறவன் போகிற வழியில் யாருக்காவது ஒரு கஷ்டம் இருக்கும், நின்று தீர்த்தாலும் சரி, கண்டுகொள்ளாமல் போனாலும் சரி, அந்தக் கிளைக்கதைகள் உங்கள் பொறுப்பாம். நல்லது. ஆனால் நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு ஊர். அங்கே வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போகிற ஒருத்தி. கொண்டையில் கனகாம்பரம், இடுப்பில் கை, சிரித்தால் வாயை விட்டுவிட்டு மூக்கை மூடிக்கொள்வாள் என்று வர்ணனை வேறு.

யார் மாமா அது? எதிர்வீட்டுக் கஸ்தூரிதான் அப்படிச் சிரிக்கிறாள். தண்ணீர் லாரி வரும் நாளெல்லாம் பார்க்கிறேன். உங்களுக்கு முதலில் அவளைத்தான் கேட்டார்கள், ஜாதகம் சேரவில்லை என்று அத்தையே சொன்னார்கள். கல்யாணமாகி ஒரே மாதத்தில் விமானம் ஏறிய மனிதருக்கு அவள் மூக்கு மட்டும் மறக்கவில்லை!

உடனே பதில் போடுங்கள்.

வசந்தகுமாரி


சான் ஓசே
22-3-1998

அன்பு வசந்தா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அவள் கண்ணும் மூக்கும் சரியாகத் தெரியாத ஒரு பொம்மை. அவளோடு உனக்கென்ன சண்டை?

இங்கே என் பாடுதான் திண்டாட்டம். ஆடிச் சரிபார்க்கிறவர்கள் குடங்களைப் பார்த்ததும் மொத்தமாக அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு டிராகனைக் கொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த மாதிரி விளையாட்டில் கண்ணில் படுவதையெல்லாம் எடுப்பதுதான் வழக்கம். வரிசையில் குடம் நின்றால் ஆளே நிற்பதாக அர்த்தம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நம் ஊரில் இதை யாருக்குச் சொல்லித் தர வேண்டும்?

மேனேஜர் அந்த ஊரையே தூக்கிவிடு என்கிறார். தூக்கினால் என் வேலை நிரந்தரமாகாது. நிரந்தரமானால்தான் உன்னை இங்கே அழைத்துக்கொள்ள முடியும்.

நான் குடம் பிடித்தவன் இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. நீதான் தெருவில் நிற்கிறாய். அடுத்தவர் குடத்தில் ஒருவன் கை வைத்தால் நம் தெருவில் என்ன நடக்கும்? விவரமாக எழுது.

உன்
குணசேகரன்


திருமுல்லைவாயில்
5-4-1998

அன்புள்ள மாமாவுக்கு,

ஜன்னலிலிருந்து பார்த்தாராம்! கஸ்தூரி இல்லை என்று ஒரு வரி எழுதக் கை வந்ததா உங்களுக்கு? போகட்டும். நான் அங்கே வந்தாக வேண்டும், அதற்காக எழுதுகிறேன். அந்தக் கொண்டைக்காரி பிழைக்க வேண்டும் என்று இல்லை.

போன மாதம் முனைவீட்டுத் துலுக்கானம் எல்லாருடைய குடத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைத்தார். யாரும் கை ஓங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா மட்டும், "இன்னா அண்ணாத்தே, கொடம் நிக்குதுன்னா நாங்க நிக்கிறோம்னு தெரியாதா? சரி, நடத்து" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் டீக்கடையில் அவருக்குப் பால் தீர்ந்துவிட்டது. முடிவெட்டுகிற கடையில், "அப்பால வா நைனா." மாவு மில்லில் கரண்டு இல்லை. அவருக்கு மட்டும்தான் இல்லை! கடைசியில் மனிதர் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு குடம் தண்ணீர் இறக்கினார். அப்புறம் டீக்கடையில் பால் வந்தது.

அதையே வையுங்கள். குடத்தைத் தூக்கினவனுக்கு அந்த ஊரில் ஒருவரும் எதுவும் விற்கக் கூடாது. தானாகப் புரிந்துகொள்வான்.

அந்தக் கனகாம்பரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வசந்தகுமாரி


சான் ஓசே
3-5-1998

அன்பு வசந்தா,

ஜெயித்துவிட்டோம்! கத்தி வாங்கப் போனால் கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சத்திரத்தில் இடமில்லை. ஆடியவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு ஒருவர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார். டிராகனையே மறந்துவிட்டார். இதுதான் கிளைக்கதை என்று மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். வேலை நிரந்தரமாகிவிட்டது. உனக்கான விசா காகிதங்கள் தனித் தபாலில் வருகின்றன.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது கஸ்தூரிதான். அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணை எழுத உட்கார்ந்ததும் உன்னைத்தான் முதலில் எழுதப் பார்த்தேன். வரவில்லை, வசந்தா. நீ எப்படி நிற்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய், எனக்குத் தெரியாது. நமக்குக் கிடைத்த ஒரு மாதமும் விருந்திலேயே போய்விட்டது. மறைக்க மனசு வரவில்லை. திட்டி எழுது.

உன்
குணசேகரன்


திருமுல்லைவாயில்
31-5-1998

மாமா,

கடிதம் வந்து நாளாகிறது. எழுதப் பிடிக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆமாம் என்றதும் தாங்க முடியவில்லை. என்ன ஜென்மமோ நான்!

கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது என்றீர்களே. சாப்பிட மாட்டேன். அத்தை தட்டோடு கெஞ்சிப் பார்த்து, உங்களை நாலு வசவு வைதுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

நேற்று கஸ்தூரியே வந்து கேட்டாள்: "இன்னா வசந்தா, உங்க ஊட்டுக்காரரு அங்க இன்னாதான் வேல செய்றாரு?" கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிறார் என்றேன். சிரித்தாள். அதே சிரிப்பு. அழகாகத்தான் இருக்கிறது, பாவி. அமெரிக்காவில் அவளும் ஒருத்தியாக நிற்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் அவளுக்குக் கொடுக்க வேண்டும்?

காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளை மாற்ற வேண்டாம், பூவும் இருக்கட்டும். எடுத்துவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என்னை மட்டும் எந்த ஊரிலும் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். நான் வருகிறேன். முதலில் என்னைப் பாருங்கள்.

வசந்தா