அத்தான் சாப்பிட்டுவிட்டார், அக்கா

என்னை இடுப்பில் சுமந்தபடியே தானும் வளர்ந்த என் அன்பு அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நீ எதையாவது நினைத்து மனசு அடித்துக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொள். அத்தான் சாப்பிடுகிறார். குழம்பு ஊற்றி, ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். நேற்று அவித்த முட்டையில் மஞ்சள் கருவை நைசாக என் பக்கம் தள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. உன் மகள் ஜெயந்திக்கு நேரமில்லை, அத்தானுக்கு வாய் கிடையாது. அதனால் எட்டாம் வகுப்பை ஏறக்குறைய முடித்த நானே எழுதுகிறேன். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாய், தெரியும். இந்த முறை வேண்டுமானால் கால்வாசி கழித்துக்கொள்.

ஜெயந்தி நர்ஸிங் காலேஜில் பாடம் நடத்துவதோடு இப்போது ஆராய்ச்சியும் செய்கிறாள். வயசானவர்களில் சிலர் ஒரு காய்ச்சலுக்கே படுத்துவிடுகிறார்கள். சிலர் விழுந்தாலும் எழுந்து நடமாடுகிறார்கள். அது ஏன், அதில் தின்கிற சோற்றுக்கு என்ன பங்கு என்று பார்க்கிற ஆராய்ச்சி. முதுமைத் தளர்ச்சி என்று அதற்குப் பெயர். "வயசானா தளரத்தானட்டி செய்யும், இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்று கேட்டேன். "அப்படி நெனச்சுத்தான் மாமா எல்லாரும் விட்டுர்றாக. நேரத்துல கண்டுபிடிச்சா தேத்திரலாம்" என்றாள்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு வீடாகப் போக வேண்டும். முன்பின் தெரியாத படித்த பெண்ணுக்கு எந்தக் கிழவர் கதவைத் திறப்பார்? கையெழுத்துப் போடச் சொன்னால் வீட்டை எழுதி வாங்க வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அங்கேதான் நான் வேண்டியிருந்தது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் நான். என்னைக் கண்டதும் தெருவே எழுந்து நின்றது. நாய்கள் நிச்சயமாக எழுந்து நின்றன.

கைப்பிடி வலுவை அளக்கிற ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கச் சொல்வாள். நான் இறுக்கியபோது முள் எகிறித் தெறிக்கப் பார்த்தது, பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டாள். கெண்டைக்கால் சதையை டேப் வைத்து அளப்பாள். "எனக்குப் பேண்டா தைக்கப் போற?" என்று கேட்காத கிழவர் இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்வாள். பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பாள்.

சொந்தத் தகப்பனை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாதாம். ஆனாலும் ஒரு நாள் சும்மா அத்தானை எழுந்து நிற்கச் சொன்னாள். அத்தானால் முடியவில்லை, அக்கா. மில்லில் பஞ்சுப் பொதியைத் தனியாளாகப் புரட்டிய மனிதர், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது.

ரத்தம் பார்த்தோம், எக்ஸ்ரே எடுத்தோம், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தங்க மாட்டேன் என்று அவர் ராஜபாளையம் வீட்டிலேயே தனியாக இருந்தார். பக்கத்து வீட்டு லட்சுமி காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டு பேண்டேஜ் கம்பெனிக்குப் போய்விடுவாள். சாயங்காலம் வந்தால் பாத்திரமெல்லாம் காலியாக, கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். ஜெயந்தி தினமும் போனில் கேட்பாள், "சாப்பிட்டீங்களாப்பா?" அவரும் தினமும் சொல்வார், "ஆச்சும்மா."

சாப்பிடுகிற மனிதர் ஏன் உருக வேண்டும்? கண்ணில் படாத ஏதோ நோய் உள்ளே அரிக்கிறது என்று ஜெயந்தி முடிவுகட்டிவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "மாமா, அம்மா பின்னாலேயே அப்பாவும் போயிருவாரோன்னு இருக்கு."

அந்த வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சவரியம்மாள் ஆச்சி வீட்டுக்குப் போனோம். தனிக்கட்டை, வாய் மட்டும் ஒரு ஊருக்குக் காணும்.

"சாப்பிட்டீகளா ஆச்சி?" என்றாள் ஜெயந்தி.

"ஆச்சு தாயி. இட்லி, சட்னி, பொறவு ஒரு காப்பி. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு ஆச்சி."

கருவியைப் பிடித்து இறுக்கும்போது ஆச்சிக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது, கண் சொருகியது. தண்ணீர் எடுக்க நான் அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பு குற்றாலத்துப் பாறை மாதிரி குளிர்ந்து கிடந்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி. குடும்பமே இருந்தது என்று பிறகு ஊரில் சொன்னேன், உனக்காக ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறேன்.

"ஏன் ஆச்சி, கொப்பரையில பல்லி குடியிருக்கு. இட்லி எங்க வெந்துச்சு?"

தண்ணீர் குடித்துத் தெளிந்த ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே கண்டக்டரு, வீடு தேடி வந்தவுக கேட்டா சாப்பிடலன்னா சொல்லுவாக? சொன்னா நீங்க கடைக்குல்ல ஓடணும். இந்தப் புள்ள மட்டும் என்ன, தின்னுட்டா வந்துருக்கு? உதடெல்லாம் காஞ்சு கெடக்கு!"

ஜெயந்தி பேனாவைக் கீழே வைத்தாள். காலையில் முதல் பஸ்ஸில் என்னோடுதான் ஏறினாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் கேட்டவுடன் "ஆச்சு" என்றாளே! நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டா அக்கா? கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். காகிதத்தில் எழுதும்போது மட்டும் எல்லோரும் சாப்பிட்டவர்களாகிவிடுகிறார்கள்.

"மாமா," என்றாள், குரலே மாறிப்போய். "அப்பாவும் ஆச்சும்மான்னுதான சொல்றாரு."

அவள் ஆச்சியின் பக்கத்தில் இருக்க, நான் கடைக்கு ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். ஆச்சி சாப்பிட்டுத் தெளியும்வரை இருந்தோம். ஜெயந்தியும் சாப்பிட்டால்தான் கை நனைப்பேன் என்று கிழவி பிடிவாதம். பிறகு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினோம்.

மத்தியான நேரம். வீட்டு வாசலில் அத்தான் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சோற்றுச் சட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு செவலைப் பசு. என்ன உடம்பு என்கிறாய்! பளபளவென்று, கோயில் யானைக்குத் தங்கச்சி மாதிரி நின்றது.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் ஜெயந்தி.

"இப்பத்தாம்மா ஆச்சு" என்றார். பசு இன்னும் சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அத்தான், சாப்பிட்டது நீங்களா, அதுவா?" என்றேன். சட்டியைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார், "பசிக்கத்தான் செய்யுது மாப்ளே. கூப்பிட ஆளில்லாம எப்படிப் போய் உக்காருறது? நானே போட்டு நானே திங்கதுக்கு, தொண்டையில எறங்க மாட்டேங்கு. சோத்த வீணாக்கவும் மனசு வரல."

நோய் இல்லை, அக்கா! ஒரு நோயும் இல்லை! நடுத்தெருவில் நான் போட்ட கும்மாளத்தில் அந்தப் பசு மிரண்டு ஓடியதே, அதைக் கால்வாசிகூடக் கழிக்காமல் நம்பு.

ஜெயந்தி அழவும் இல்லை, அவரைத் திட்டவும் இல்லை. கையைக் கழுவினாள். மாட்டுக்குப் போகாமல் அடுப்படியில் மிச்சமிருந்த ரசத்தைச் சூடாக்கினாள், என்னை அனுப்பித் தோசையும் முட்டையும் வாங்கி வரச் சொன்னாள். தட்டை வைத்துவிட்டு அடுப்படி நிலையில் நின்று, நீ கூப்பிடுகிற மாதிரியே, "வாங்க, சாப்பிட வாங்க" என்றாள். அத்தான் விறுக்கென்று திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டேன்.

ஒரே நாளில் ஆள் தேறிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று ஜெயந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பருப்பு, முட்டை, பால், வேகவைத்த கடலை என்று வேளைக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு நடுவில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. மத்தியானத்துக்கு நான் தளவாய்புரத்தில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன். ராத்திரிக்கு, கம்பெனியிலிருந்து திரும்பும் லட்சுமி தன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, தட்டு போட்டாச்சு" என்று சத்தம் போடுவாள். அவர் போயாக வேண்டும்.

ஆராய்ச்சியையும் ஜெயந்தி மாற்றிவிட்டாள். மேலே இருப்பவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான். இப்போது சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிப்பதே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் போய்க் கூட உட்காருகிறாள், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது நான்தான் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் காதுக்கும் போய்விட்டது. மறுக்கவில்லை, சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். அத்தனை வருஷம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாயே, உன்னை யார் கூப்பிட்டார்கள்? நான் வரும்போதெல்லாம் "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பேன், நீயும் "ஆச்சுடா" என்பாய். அதில் எத்தனை ஆச்சு, உண்மையான ஆச்சு?

பதில் சொல்ல மாட்டாய். சரி, இதைக் கேள்.

போன வாரம் ஒரு நாள் நான் வந்த பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு அவர் பட்டினிதான் என்று எனக்கு ஒரே தவிப்பு. அப்போது போன் அடித்தது. எடுத்தால் அத்தான். தண்ணீர் வேண்டும் என்றால்கூடத் தொண்டையைச் செருமிக் காட்டுகிற மனிதர், அக்கா, நீ அறியாததா?

"ஏலே, எங்கல இருக்க? எம்புட்டு நேரந்தான் பாக்கது? தட்டப் போட்டு உக்காந்துருக்கேன், சோறு ஆறுது. சாப்பிட வா மாப்ளே."

நடுரோட்டில் வெயிலில் நின்று அழுதேன். கண்ணில் தூசி என்று டிரைவரிடம் சொன்னேன். அன்று போய்ச் சேர்ந்தபோது என்னைக் கண்டு அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். எங்கேயும் கையை ஊன்றவில்லை.

இனிமேல் கவலைப்படாதே. என் கால் நடக்கிற வரைக்கும் மத்தியானச் சோறு அவரோடுதான். கால் நின்றுவிட்டால் அவர் வீட்டிலேயே வந்து படுத்துக்கொள்கிறேன். அவரை இனி ஒருநாளும் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன். வாங்க அத்தான் என்று கூப்பிடுவேன். நான் மறந்தால் அவர் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
அத்தானுக்குப் பக்கத்துத் தட்டுக்காரன்,
உன் தம்பி கருப்பசாமி