உன் ஜிப்பாவின் உள்பை

என் செல்லத் தம்பி எபிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்து அழுதேன். இன்றைக்குத் திட்டப் போகிறேன். தம்பியைத் திட்டும் உரிமை அக்காவுக்கு உண்டு, சாவு வந்தாலும் அது போகாது. குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோதுதான் நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை.

போன வாரம் சபை மூப்பர் தங்கராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆலயச் சுவரில் உன் பெயரில் ஒரு கல் பதிக்கப் போகிறார்களாம். வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். 'ஓய்வறியாத ஊழியர் பாஸ்டர் எபினேசர்.' படித்துக் காட்டிவிட்டு, "எப்டி இருக்குதும்மா?" என்று கேட்டார்.

"ஓய்வு அவனுக்குத் தெரியாம இல்லண்ணா. நீங்க யாரும் குடுக்கல" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பார்த்தாயா, காப்பியை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்? உனக்கு அது கடைசி வரை வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரே சாயங்காலம் எட்டு வீடு சந்திப்பாய். எட்டு வீட்டிலும் தறியை விட்டு எழுந்து வந்து காப்பி போடுவார்கள். பாஸ்டருக்கு என்று சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழும். வேண்டாமென்றால் அவர்கள் மனசு நோகும் என்பாய். யார் மனசும் நோகவில்லை. உன் கால்தான் அழுகியது.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சர்க்கரை வியாதி குணமாகிவிட்டது என்று மேடையில் ஏறிச் சொன்னவனே நீதானே? அந்த மூன்று நாள் உபவாசக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? வெளியூர்ப் பிரசங்கியார் உன் தலையில் கை வைத்து ஜெபித்தார். மறுநாள் ரத்தம் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. மூன்று நாள் சோறு தின்னாதவனுக்கு இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் நீ மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாய். சபையே எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன் எபி, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு மாதத்தில் சர்க்கரை பழையபடி ஏறியது. அப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, "திரும்ப வந்துடுச்சு, மாத்திரை சாப்பிடுறேன், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கடவுள் பெயருக்கு அவமானம் என்றாய். கடவுள் பெயருக்கா, உன் பெயருக்கா?

அதற்கு அப்புறம்தான் வெள்ளைத் துணியோடு என் தையல் மெஷின் முன்னால் வந்து நின்றாய்.

"அக்கா, ஜிப்பாவுக்கு உள்பக்கமா ஒரு பை வெச்சுக் குடு."

"எதுக்குடா?"

"பேனாவுக்கு."

பேனாவை ஒளித்து வைக்கிற மனுஷனை நான் எங்கும் பார்த்ததில்லை. பிறகு ஒரு நாள் மேரி, துவைக்க எடுத்த உன் ஜிப்பாவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். உன் பெண்டாட்டி என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டும். பாஸ்டர் மானம் போய்விடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அடுத்து வந்த ஜிப்பா அத்தனைக்கும் உள்பை தைத்தேன். வெளியே தடம் தெரியாத நல்ல தையல்.

நம் தெருமுனையிலேயே பாயின் மருந்துக்கடை இருக்கிறது. அங்கே வாங்கினால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று வாலாஜாபாத் போய் வாங்கினாய். கேட்டால் மாமியாரைப் பார்க்கப் போனதாகச் சொல்வாய். "பாஸ்டருக்கு மாமியார் மேல எவ்ளோ பாசம் பாரேன்" என்று சபைப் பெண்கள் கேலி பேசுவார்கள். கல்யாணம், சாவு, வீட்டு ஜெபம் என்று வேலை வந்துவிட்டால் நீ பஸ் ஏற முடியாது. பஸ் ஏறாத வாரம் மாத்திரை கிடையாது. பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போன அந்த வாரம் ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் வெறும் ஜெபத்தோடு இருந்தாய். ஐந்தாம் நாள் யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கப் போய் அங்கேயே தலை சுற்றி உட்கார்ந்தாய். உடனே சபை என்ன சொன்னது? "பாஸ்டர் எவ்ளோ உபவாசம் இருக்கிறாரு" என்றது.

திங்கட்கிழமை உனக்கு ஓய்வு என்று பேச்சு. ஓய்வுநாளைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து பிரசங்கம் செய்தாய், நன்றாகத்தான் செய்தாய். அந்த மூன்று வாரத்தில் ஒரு திங்கட்கிழமையும் நீ வீட்டில் இல்லை. யார் போன் செய்தாலும் எழுந்து போனாய். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். உன் உடம்பு அவர்களுக்கு ஊரான் வீட்டு நெய். அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டார்கள். பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றவன் நீ.

ஆலயத்துக்குள் வெறுங்காலோடுதான் நிற்பாய். அப்படி நின்றபோதுதான் மேடைப் பலகையின் ஆணி குத்தியது. "வலிக்கவே இல்லக்கா" என்று பெருமையாகச் சொன்னாய். வலிக்காததுதான் அந்த வியாதி என்று உனக்குத் தெரியாதா? புண்ணை மறைக்கக் காலுறை போட்டாய். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் அந்தக் காலில் நின்றாய். முன்வரிசையில் இருந்த நான் உன் காலுறையில் ஈரம் கசிவதைப் பார்த்தேன். ஆராதனை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் உன்னைச் சுற்றிக் கூட்டம், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. அதோடும் நிற்கவில்லை. சபைக்கோ, ஆணி குத்திப் புரையோடித்தான் போனாய் என்று சொல்லி வைத்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மருந்துக்கடை பாய் வந்தார். காலை எடுத்தார்கள் என்று கேட்டதுமே சர்க்கரைதான் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. வாசலிலேயே நின்றார்.

"எங்க கடையில கேட்டிருந்தா நான் யார்கிட்டமா சொல்லப் போறேன்? எங்க பள்ளிவாசல் இமாமுக்கும் சுகர்தான். மாசாமாசம் அவரே வந்து வாங்கிக்கினு போறாரு. அவர் பின்னாடி நின்னு தொழுறதை யாரும் நிறுத்தல."



இப்போது நம் சபைக்கு வந்திருப்பவர் டேனியல் பாஸ்டர். சின்ன வயசு. நீ இருந்த வீட்டில்தான் அவரும் அவர் மனைவி ஜெபாவும் இருக்கிறார்கள். மேரி காலி செய்துகொண்டு வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ சாக்குச் சொன்ன வீட்டில் உன் பெண்டாட்டி நிஜமாகவே குடியிருக்கிறாள்.

தங்கராஜ் அண்ணன் வந்துபோன மறுநாள் ஜெபா வெள்ளைத் துணியோடு வந்தாள். அளவு ஜிப்பாவைக் கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா, உள்பக்கமா ஒரு சின்னப் பை வெச்சுத் தர முடியுமா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "பேனாவுக்கா?"

"இல்லக்கா, பிரஷர் மாத்திரைக்கு. ராத்திரியில தூக்கமே இல்ல அவருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஜனங்க என்ன நினைப்பாங்களோன்னு பயந்துக்கினு இருக்கிறாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். "இந்த மெஷின்ல ஒரு பாஸ்டரைத் தெச்சுப் புதைச்சது போதும். போய் உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கினு வாம்மா" என்றேன்.

டேனியல் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "எபி பாஸ்டர் ஜெபத்துலயே குணமானவருக்கா. அவரு நின்ன இடத்துல நான் மாத்திரையோட நிக்கிறதுக்கு வெட்கமா இருக்குது" என்றார்.

கேட்டாயா எபி? நீ செத்தும் உன் பொய் சாகவில்லை. அது எழுந்து போய் இன்னொரு பிள்ளையின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்பை, வாலாஜாபாத், காலுறை, ஒன்றையும் விடவில்லை. அவர் "இது சபைக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை தெரியும்."

சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். "என் தம்பி குணமாகல. கடைசி வரைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கினுதான் இருந்தான், அதுவும் பாதி நாள். அதை ஒளிச்சு வெக்கிற பையைத் தெச்சவ நான்" என்றேன்.

தங்கராஜ் அண்ணன் எழுந்தார். "செத்தவரை ஏம்மா சந்தி சிரிக்க வெக்கிற?"

"இருக்கிறவரு சாகக் கூடாதுன்னுதாண்ணா."

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து சுசீலா எழுந்தாள். உனக்குத் தெரியுமே, தறி நெய்கிற சுசீலா, நீ போனாலே ஓடிப்போய்ப் பால் வாங்கி வருவாளே, அவள்தான். "பாஸ்டரே விட்டுட்டாரேன்னுதான் நானும் சுகர் மாத்திரையை விட்டேன். இப்ப இழை தெரியல எனக்கு. அரக்கும் செவப்பும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? உன்னை ஏமாற்றிக்கொண்டாய், என்னையும் கூட்டுச் சேர்த்தாய், அதையெல்லாம் மன்னித்துவிடுவேன். சுசீலாவின் கண்ணை எப்படி மன்னிப்பது? அவள் உன் மேல் வைத்திருந்தது விசுவாசம், எபி. அந்த வார்த்தையை வாரா வாரம் மேடையில் சொன்னவன் நீ.

டேனியல் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க. எனக்கும் பிரஷர் பார்க்கணும், மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்கிறேன்" என்றார். அதைச் சத்தமாகச் சொன்னார். மறுநாள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். பாதிப் பார்வையையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் தங்கராஜ் அண்ணன் மறுபடி வந்தார். கல்லில் பெயரை மட்டும் பொறிக்கச் சொல்லிவிட்டாராம். "திங்கக்கிழமையில பாஸ்டர் போன் எங்கிட்ட இருக்கட்டும்மா. கூப்பிடுறவங்களுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்" என்றார். என் தம்பி காலத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். காப்பியை எடுத்துக் குடித்தார்.

டேனியலின் ஜிப்பாவைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பை வெளியே இருக்கிறது, நெஞ்சுக்கு நேராக, அகலமாக. மாத்திரை அட்டையின் தலை வெளியே தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய உன் கடைசி ஜிப்பா என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அதன் உள்பையைப் பிரித்தேன். அந்த இடம் மட்டும் புதுத்துணி போல வெள்ளையாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், அங்கே கேட்டுக்கொள். இனி எந்த ஊழியக்காரருக்கும் ஒளிக்கிற பை என் கையால் தைக்கமாட்டேன். ஒரு காலுறையில் ஈரம் தெரிந்தால் ஆராதனை முடியட்டும் என்று காத்திருக்கமாட்டேன். பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, குனிந்து அந்தக் காலைப் பிடித்துப் பார்ப்பேன்.

அன்றைக்கே உன் காலைப் பார்த்திருக்க வேண்டிய,
உன் அக்கா
கிரேஸ்